ஏழாம் நம்பர் வீட்டு டயபர்

பேட்டரி வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, சந்திரம்மாள் குப்பையைப் பிரிக்க உட்கார்ந்தாள். டயபரைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. அதை யாரும் தாளில் சுற்றித் தருவதில்லை. ஏழாம் நம்பர் வீட்டில் நேற்றைய சாம்பாரோடு சேர்த்தே கட்டிவிடுவார்கள். கையுறையில் இரண்டு விரல் கிழிந்து ஒரு மாதமாகிறது.

அந்த வீட்டுக்குப் பிள்ளை வந்திருப்பதை அவளுக்குச் சொன்னதே டயபர்தான். முதல் நாள் தார் மாதிரி கறுப்பு. அப்புறம் பாசிப் பச்சை. ஒரு வாரத்தில் நல்ல மஞ்சள். பிள்ளை ஒழுங்காகப் பால் குடிக்கிறது என்று திருப்தியாகத்தான் மூட்டை கட்டினாள். மூன்றாவது வாரம் வெளுக்கத் தொடங்கியது. இன்றைக்குச் சுண்ணாம்பைக் குழைத்த மாதிரி இருந்தது.

அவளுடைய இரண்டாவது பிள்ளைக்கும் இப்படித்தான் போயிற்று. பாலை மட்டும் குடிக்கிறவனுக்கு வெள்ளையாகத்தானே போகும் என்று இருந்துவிட்டாள். ஈரல் கெட்டுவிட்டது, ரொம்பத் தாமதமாக வந்துவிட்டாய் என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள்; பத்தாவது மாதம் அவனைப் புதைத்தாள்.

மனசு கேட்காமல் ஏழாம் நம்பர் வாசலில் போய் நின்றாள். பிள்ளையின் தாத்தா கோதண்டராமன் வெளியே வந்தார்.

"ஐயா, பாப்பாவுக்கு வெளிக்கி வெள்ளையா போவுதுங்க. கண்ணு மஞ்சளா இருக்குதா பாருங்க. ஈரல்ல கோளாறா இருக்கும். ரெண்டு மாசத்துக்குள்ள பெரிய டாக்டர்கிட்ட காட்டிடணுங்க."

"பால் குடிக்கிற கொழந்தைக்கு வேற எந்த கலர்ல போவும்? மஞ்சளுக்குத்தான் தெனம் வெயில்ல காட்டறோமே. எங்க வீட்டு குப்பைய தொறந்து தொறந்து பார்த்துட்டிருக்கியா நீ?"

"பிரிக்கச் சொல்லி ஆர்டருங்க..."

உள்ளே அவருடைய மகள் தேவிப்ரியா அழ ஆரம்பித்தாள். "பச்சை உடம்புக்காரிய பயமுறுத்திட்டே, போ," என்று அவர் கதவைச் சாத்தினார்.

மதியத்துக்குள் மேஸ்திரி குமரேசனுக்குப் போன் போய்விட்டது. இனி எந்த வீட்டிலும் வாய் திறக்க மாட்டேன் என்று எழுதிய தாளை அவன் நீட்டினான். "டாக்டர் வேலை உனக்கு எதுக்கும்மா? இன்னொரு வாட்டி பேசினா வேலைக்கு வராத," என்றான். அவள் கையெழுத்துப் போட்டாள். மறுநாளிலிருந்து கிரிவலப் பாதைக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்தத் தெருவுக்குப் புதிதாகப் போன எழிலரசியிடம் ஒருநாள் ஏழாம் நம்பர் டயபரைப் பற்றி விசாரித்தாள்.

"அதை யாருக்கா பிரிச்சுப் பாக்கறாங்க? அப்படியே வண்டியில கொட்டிடறேன்."

இரண்டு பௌர்ணமி போயிற்று. மூன்றாவது பௌர்ணமிக்கு மறுநாள் காலை, அடி அண்ணாமலையில் அவள் அன்னதானத் தட்டுகளை வாரிக்கொண்டிருந்தபோது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கோதண்டராமன்தான். முகத்தில் நாலைந்து நாள் தாடி.

"சென்னையில காட்டிட்டு வரோம். ரெண்டு மாசத்துக்குள்ள வந்திருந்தா ஆபரேஷன் செஞ்சிருக்கலாமாம். இப்ப ஈரலையே மாத்தணுங்கறாங்க." அவர் ஸ்கூட்டரிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் வந்தார். "உனக்குத்தான் தெரிஞ்சிருக்கே. அன்னைக்கே இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா நீ?"

பத்தடி தள்ளி வண்டியில் சாய்ந்து நின்றிருந்த குமரேசன் திரும்பிப் பார்த்தான்.

பதில் சொல்லலாமா என்று சந்திரம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள்.