பின்னால் வரும் மான்

வாலாஜாபாத்தைத் தாண்டியதும் பனி தரைவரை இறங்கிவிட்டது. சாலை இருபது முப்பதடிக்கு மட்டும் இருந்தது; அதற்கப்பால் வெளுப்பு. புளியமரங்கள் ஒவ்வொன்றாக உருவாகி, வேன் கடந்ததும் கரைந்துபோயின. எங்கிருந்தோ நீர்ப்பறவைகளின் சத்தம் வந்தது. ஏரி பக்கத்தில்தான் இருக்கிறது என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம். சங்கரி கியரைக் குறைத்தாள்.

இடப்பக்கத்து இருக்கையில் அவள் கணவன் ஆனந்தகுமார் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தான். பின்னால் அவன் தங்கை கமலவேணி, மடியில் தாம்பாளத்தோடு. தாம்பாளத்தில் தென்னேரிப் பெண் ஒருத்திக்கான கூறைப்புடவை. அரக்கு உடல், பச்சைக் கரை, நான்கு மூலையிலும் மஞ்சள். வேனுக்குள் மல்லிகையும் புதுப்பட்டும் கலந்த வாசனை அசையாமல் நின்றது.

"அண்ணி, ரோடு தெரியுதா, இல்ல குத்துமதிப்பா போய்க்கினு இருக்கீங்களா?"

"தெரியற அளவுக்குத்தான் போறேன்."

"ண்ணா, பெல்ட்ட அப்படி இழுக்காத. பிஞ்சி வந்துச்சின்னா மணிவண்ணன் வெலய கொறைச்சுடுவாரு."

"நீ வாய மூடிக்கினு தட்ட புடி" என்றான் ஆனந்தகுமார்.

பிள்ளையார்பாளையத்து மணிவண்ணன் சாயங்காலம் வேனை விலைக்குப் பார்க்க வருகிறார். பிடித்திருந்தால் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். ஆனந்தகுமார் அப்படித்தான் பேசி வைத்திருந்தான்.

சுற்று ஊர்த் தறிக்காரர்களுக்குப் பட்டு நூலும் தறியில் ஏற்றும் பாவும் கொண்டுபோய்க் கொடுப்பது சங்கரியின் வேலை. தறியில் உட்கார்ந்தால் எதிரே சுவர். வேனில் உட்கார்ந்தால் எதிரே வழி. அந்த வழிதான் இன்றோடு முடியப்போகிறது.

காரணம் இல்லாமல் இல்லை. போன பங்குனியில், இதே சாலையில், காட்டை ஒட்டிய வளைவில் ஒரு மான் குறுக்கே பாய்ந்தது. காட்டுக்கும் ஏரிக்கும் நடுவில் சாலை. தண்ணீருக்கு வருகிற மான்கள் அதைக் கடந்தாக வேண்டும். சங்கரி மானை இடிக்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்துப் புளியமரத்தில் முட்டினாள். ஆனந்தகுமாரின் தோள் எலும்பு முறிந்தது. கோடை முழுக்கத் தறி சும்மா நின்றது. தோள் சரியாகி மறுபடி நெய்ய உட்கார்ந்த பிறகும் அவன் இந்த வேனில் ஏறவில்லை. பஸ்ஸில் போனான், யார் யாருடைய வண்டியிலோ பின்னால் உட்கார்ந்து போனான்.

இன்று ஏறியது வழக்கத்துக்காக. கல்யாணக் கூறை தங்கள் தறியிலிருந்து இறங்கினால் அதை வேறு ஆள் கையில் கொடுத்தனுப்ப மாட்டார்கள். நெய்த கணவனும் மனைவியும் சேர்ந்துபோய்ப் பெண்ணைப் பெற்றவள் கையில் கொடுக்க வேண்டும். இன்று திங்கட்கிழமை. ராகுகாலம் காலையிலேயே வந்துவிடும். அதற்குள் கொடுத்தாக வேண்டும்.

அன்றைக்கு ஏன் ஒடித்தோம் என்பது சங்கரிக்கு வெகுநாள் விளங்கவில்லை. தறியில் உட்கார்ந்த ஒரு மத்தியானம் விளங்கியது. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் கோத்து வருகிற கோர்வைப் புடவை நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஆனந்தகுமார் புடவையின் உடலுக்கு, ஊடு நூல் சுற்றிய நாடாவை எறிவான். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கரைக்கு எறிவாள். தன் வீச்சு முடிந்ததும் அவன் வாய் திறக்காமல் "ம்" என்பான். அவள் எறிவாள். வருஷக்கணக்காக அவள் கண் ஓடுகிற நாடாவின் பின்னாலேயே ஓடிப் பழகியது. கண் போன பக்கம் கையும் போகும். தறியில் அதுதான் சரி. அன்றைக்கு மான் இடமிருந்து வலமாகப் பாய்ந்தது. கண் கூடவே போனது. கையும் போனது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கமலவேணி ஒரு மாதம் சிரிப்பாள்.

மான் படம் போட்ட மஞ்சள் பலகை பனியிலிருந்து வெளியே வந்தது. யாரோ அதன்மேல் காதுகுத்து போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கொம்புகள் மட்டும் மேலே தெரிந்தன. சங்கரி இன்னும் மெதுவானாள்.

"இப்பிடிப் போனா மத்தியானம்தான் போவோம்" என்றான் ஆனந்தகுமார்.

அவள் பதில் சொல்வதற்குள் அது நடந்தது. பனியே ஒரு துண்டு கழன்று ஓடியதுபோல, இடப்பக்கத்து முட்புதரிலிருந்து ஒரு மான் சாலைக்கு வந்தது. பழுப்பு முதுகில் புள்ளிகள் ஒரு கணம் மினுங்கின. சங்கரியின் கண் அதன்பின்னால் கிளம்பியது. அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள். ஸ்டியரிங்கை நேராக வைத்துக்கொண்டு பிரேக்கை அழுத்தினாள். வேன் தன் கோட்டிலேயே நின்றது. நான்கு பக்க விளக்கும் கண்சிமிட்டும்படி பொத்தானைத் தட்டினாள்.

மான் வலப்பக்கத்து வெளுப்பில் போய் மறைந்தது.

"போயிடுச்சு" என்றான் ஆனந்தகுமார். "எடு, சங்கரி."

அவள் எடுக்கவில்லை.

"போயிடுச்சேமா. நேரம் ஆவுதில்ல?"

"போனத பாக்காதீங்க. வந்த பக்கம் பாருங்க."

பின்னால் வெளிச்சம் பெருகியது. தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ். சங்கரி கையை வெளியே நீட்டி மேலும் கீழும் அசைத்தாள். பஸ் முனகிக்கொண்டு நின்றது. ஹாரன் நீளமாக அடித்தது. டிரைவர் தலையை நீட்டினார்.

"இன்னாம்மா, நடுரோட்ல நின்னுக்கினு கனவு காண்றியா? ஷிப்டுக்கு லேட் ஆவுது!"

அப்போதுதான் குட்டி வந்தது. நீளமான கால்கள், பெரிய காதுகள். சாலையின் நடுவில் வந்ததும் பஸ்ஸின் பெரிய விளக்கு வேனைத் தாண்டி அதன்மேல் விழுந்தது. குட்டி அசையாமல் நின்றுவிட்டது. அதன் பின்னால் புதர் ஓரத்தில் இன்னும் சில முகங்கள், வெளிச்சத்துக்கு இப்பால் வரத் தயங்கி.

சங்கரி தன் விளக்கைக் குறைத்தாள். கமலவேணி தாம்பாளத்தை ஒரு கையில் அணைத்துக்கொண்டு ஜன்னல் வழியே கத்தினாள்: "மானுபா! லைட்ட அணை! கண்ணு கூசுது அதுக்கு!"

பஸ்ஸின் விளக்கு அணைந்தது. ஹாரனும் நின்றது. பனி திரும்பி வந்து இடத்தை நிரப்பியது. குட்டி காதை ஒருமுறை ஆட்டிவிட்டு ஏரிப் பக்கம் நடந்தது. பிறகு மற்றவை வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு ஊர்வலம்போல. தார் மேல் குளம்புகள் பட்ட சத்தம் மட்டும் கேட்டது. பஸ் ஜன்னல்களில் நீலச் சட்டை போட்ட பெண்கள் வரிசையாக முகம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் போனை எடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் போனதோ, கொம்பு வைத்த ஆண்மான் கடைசியாகக் கடந்தது. அதன் பின் எதுவும் வரவில்லை. ஆனாலும் சங்கரியின் கால் பிரேக்கிலேயே இருந்தது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து புதரின் இந்த முனைதான் தெரியும். அடுத்த முனை ஆனந்தகுமாரின் பக்கம்.

அவன் பெல்ட்டிலிருந்து கைகளை எடுத்தான். கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, புதரை அந்தக் கடைசிவரை பார்த்தான். பனி அவன் மீசையில் பொட்டுப் பொட்டாகப் படிந்தது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"ம்" என்றான்.

சங்கரி பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். வேன் நகர்ந்தது. பஸ் மெல்ல முந்திப் போனது. நீலச் சட்டைக்காரிகள் சிலர் கையசைத்தார்கள். டிரைவர் பாராததுபோல் போனார்.

கமலவேணி தாம்பாளத்தை மறுபடி மடியில் நேராக வைத்துக்கொண்டாள்.

"ண்ணா, சாயங்காலம் மணிவண்ணன் வந்தா இன்னா சொல்றது?"

ஆனந்தகுமார் இடப்பக்கத்து முட்புதரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காபி குடு. வண்டி வேலையா இருக்குதுன்னு சொல்லு."

"மறுபடி வந்தாருன்னா?"

"மறுபடி காபி குடு."

வலப்பக்கம் பனி கிழிந்து தென்னேரி ஏரியின் தண்ணீர் ஒரு விரலகலம் தெரிந்தது. ராகுகாலம் பிறக்க இன்னும் நேரம் இருந்தது. முன்னால் அடுத்த வளைவு. சங்கரி வேகத்தைக் குறைத்து, காத்திருந்தாள்.

"ம்" என்றான் அவன்.