லான்ஸ் நாயக் செவலை

பொம்மசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி காக்ஸ் டவுனில் இறங்குவதற்குள் இராஜமாணிக்கத்தின் முழங்கால்கள் இரண்டும் கெஞ்ச ஆரம்பித்துவிட்டன. வயது அறுபத்து மூன்று. வாரத்தில் ஆறு நாள் கம்பெனி கேன்டீனில் முந்நூறு பேருக்குச் சமைக்கிற மனுஷன் ஏழாவது நாளாவது படுத்துக் கிடக்கக் கூடாதா? கூடாது. ஜூன் மாதம் மூன்றாம் ஞாயிறு என்றால் சுபேதார் கில்பர்ட் வீட்டுக்கு வந்தே தீர வேண்டும்.

கார்கில் சண்டையில் ஒரே பாறை மறைவில் கிடந்த பதினொரு பேரில் இன்று உயிரோடு இருப்பது ஏழு பேர். மற்ற ஆறு பேருக்கும் மட்டன் பிரியாணி செய்து போடுவது அன்றைக்கும் சமையல்காரராக இருந்த இவர் பொறுப்பு. செய்வார், பரிமாறுவார், தான் மட்டும் தயிர்சோறு தின்பார். இருபத்தாறு வருஷமாக ஆட்டுக்கறி அவர் வாயில் பட்டதில்லை. கேட்டால் வயிறு சரியில்லை என்பார்.

வயிறெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. காரணம் செவலை.

செவலை ஒரு கிடா. மலையடிவாரச் சந்தையில் வெட்டுவதற்கென்றே வாங்கியது. இரண்டே நாளில் அது எல்லோருடைய பீடியையும் திருடித் தின்று பேர் வாங்கிவிட்டது. கில்பர்ட் அதன் கழுத்தில் ஒரு பட்டை கட்டி லான்ஸ் நாயக் பதவி கொடுத்தார். காலையில் பேர் வாசிக்கும்போது அதன் பேரும் வரும், அதுவும் ஒரு கத்து கத்தும். அப்புறம் யாருக்கு அதன்மேல் கத்தி வைக்க மனசு வரும்? பட்டாளத்துக் கம்பெனி மலைமேல் ஏறியபோது கோவேறு கழுதைகளுக்குப் பின்னால் தானாகவே ஏறி வந்தது, சனியன். கீழேயே கிடந்திருந்தால் பிழைத்திருக்கும்.

கழுதைகள் வருகிற பாதையில் குண்டு விழுந்து ரேஷன் நின்றது. ஆறாம் நாள் பதினொரு பேரில் ஒருவனான பெருமாள்சாமி காய்ச்சலில் நினைவு தப்பினான். இராஜமாணிக்கம் யாரையும் கேட்கவில்லை. கடைசிச் சப்பாத்தியைக் காட்டிச் செவலையைப் பாறைக்குப் பின்னால் கூப்பிட்டார். நம்பி வந்தது. அது தின்று முடிக்கிறவரை காத்திருந்தார், பாவி.

திரும்பி வந்து, "ஷெல் அடிச்சு செவலை பள்ளத்துல போயிட்டான் சாப்," என்றார். சாயங்காலம், "மூட்டைக்கு அடியில கறி டப்பா கெடச்சுது," என்று சொல்லிப் பரிமாறினார். அந்தச் சாறு உள்ளே போய்த்தான் பெருமாள்சாமி கண் விழித்தான்.

வருஷா வருஷம் சாப்பாட்டுக்கு முன் கில்பர்ட் பழைய பட்டியலை வாசிப்பார். இருக்கிறவர்கள் ஆஜர் சொல்வார்கள். செத்தவர் பேர் வந்தால் மௌனம். ஆனால் செவலை பேர் வந்தால் மட்டும் எல்லோரும் சேர்ந்து, "ஆஜர் சாப்!" என்பார்கள். இராஜமாணிக்கம் அந்த நேரம் பார்த்து, அடி பிடிக்கிறது என்று அடுப்படிக்குள் ஓடிவிடுவார். விளையாட்டுக்குச் சொல்கிறார்கள், கட்டையில் போகிறவர்கள் என்று நினைத்துக்கொள்வார்.

இந்த வருஷம் ஓட வழியில்லை. கில்பர்ட்டின் மாப்பிள்ளை ஹரிஷ் ஆசை ஆசையாக ஒரு பித்தளைத் தகடு அடித்து வைத்திருந்தான். 'லான்ஸ் நாயக் செவலை. எதிரியின் குண்டுக்கு வீரமரணம் அடைந்தவன்.' அதன்மேல் ஒரு பட்டுத்துணி.

"நீங்கதான் தொறந்து வைக்கணும் அங்கிள். கடைசியா அத பாத்தது நீங்கதானாமே?"

இராஜமாணிக்கத்துக்கு வாயால் சொன்ன பொய்யைச் சுமப்பதே போதும் போதும் என்றிருந்தது. அதைப் பித்தளையில் அடித்துச் சுவரில் மாட்டி, அதை இவர் கையாலேயே திறக்க வேண்டுமாம். கரண்டியோடு அடுப்படிக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே கில்பர்ட் வந்தார்.

"சாப், அந்தத் தகடு வேணாம்."

"ஏன்யா?"

"ஷெல் அடிக்கல. நான்தான் அறுத்தேன். டப்பா கறியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உங்க எல்லாருக்கும் செவலையத்தான் போட்டேன்." சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

கில்பர்ட் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு மெதுவாக உட்கார்ந்தார். அவருக்கும் முழங்கால்.

"மாணிக்கம், டப்பா கறியில நல்லி எலும்பு எங்கய்யா வரும்?"

இராஜமாணிக்கம் துண்டை எடுத்துவிட்டுப் பார்த்தார். எல்லா எலும்பையும் எடுத்துப் பள்ளத்தில் வீசியதாகத்தான் நினைத்திருந்தார். விரல் மரத்துப்போன குளிரில் ஒன்று தப்பியிருக்கிறது.

"என் தட்டுல வந்துது. பசங்க பாக்கக் கூடாதுன்னு பாக்கெட்ல போட்டேன். அதையும் பக்கத்துல இருந்த ஆம்ப்ரோஸ் பாத்துட்டான். அப்புறம் ஒவ்வொருத்தனா எல்லாருக்கும் தெரியும். ஹரிஷுக்குத்தான் தெரியாது, அவன் சின்னப்புள்ள, விடு."

"இருபத்தாறு வருஷம் சாப்! ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" கோபத்தில் கரண்டியைத் தரையில் அடித்தார்.

"நீ அழுதுகிட்டே பரிமாறின. அப்ப கேட்டா நீ தாங்குவியா? அப்புறம் நீயா சொல்லுவேன்னு பாத்தோம். வருஷம் ஓடிப்போச்சு." கில்பர்ட் தன் வயிற்றைத் தட்டிக்காட்டினார். "அவன் பேருக்கு நாங்க எதுக்குய்யா ஆஜர் சொல்றோம்? இங்கதானே இருக்கான்."

இராஜமாணிக்கம் துண்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார். அழவும் தெம்பில்லை. ஒரு பெரிய மூட்டையை இறக்கிவைத்த பிறகும் தோள் வலிக்கத்தான் செய்கிறது.

"இன்னிக்காவது கறி தின்பியா?"

"இல்ல சாப். தின்னாலும் உள்ள இறங்காது. தயிர்சோறே போதும்."

"சரி. தகட்ட மாத்தி அடிக்கச் சொல்றேன். வா."

கூடத்தில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். ஒருத்தர் கைத்தடியோடு, பெருமாள்சாமி சுவரைப் பிடித்துக்கொண்டு. கில்பர்ட் கண்ணாடியை மாட்டிப் பட்டியலை வாசித்தார். நான்கு இடத்தில் மௌனம் விழுந்தது. கடைசியாக, "லான்ஸ் நாயக் செவலை!" என்றார்.

இந்த முறை அடுப்படியில் எதுவும் அடி பிடிக்கவில்லை. மற்றவர்கள் ஏனோ வாயைத் திறக்காமல் இராஜமாணிக்கத்தையே பார்த்தார்கள். அவர் வலிக்கிற காலைச் சேர்த்து வைத்து நிமிர்ந்தார்.

"ஆஜர் சாப்," என்றார்.