ஒருத்திக்கு இரண்டு குடல்வால்

ஆஸ்பத்திரிச் சுவரில் ஆளுயர எழுத்தில் 'எல்லோருக்கும் இலவச மருத்துவம்' என்று எழுதியிருந்தது. எல்லோரும் என்றால் யார் யார் என்று எழுதச் சுவரில் இடம் போதவில்லை போலிருக்கிறது. அதைக் கவுன்ட்டரில்தான் சொல்வார்கள். சம்பளச் சீட்டு வேண்டும், நிலையான முகவரி வேண்டும், இரண்டும் இருந்தால்தான் கார்டு. அக்காவிடம் கார்டு இருந்தது. துணி மில்லில் காலர் தைக்கிறவள் அவள். தங்கச்சியிடம் இல்லை. அவள் கட்டட வேலைக்குப் போகிறவள். எந்தக் கட்டடம் எழும்புகிறதோ அங்கேயே தார்ப்பாயைக் கட்டிப் படுத்துக்கொண்டு, அது முடிந்ததும் அடுத்ததற்கு மூட்டையைத் தூக்குகிறவள். ஊரில் பாதிப் பேருக்கு முகவரி கட்டிக் கொடுத்தவளுக்குச் சொந்தமாக ஒரு முகவரி இல்லை. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

அன்று காலை தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டதும் அக்கா யோசிக்கவே இல்லை. தன் கார்டை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். அக்காவும் தங்கச்சியும் ஒரே அச்சு. கார்டில் இருந்த படமோ எடுத்தவனுக்கே யாரென்று தெரியாத படம். வழி நெடுக அக்கா பாடம் நடத்தினாள்.

"பேரு கேட்டா என் பேரைச் சொல்லு. வேலை கேட்டா மில்லு. புருஷன் பேரு கேட்டா..."

"மாமா பேரா?" தங்கச்சி பல்லைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஆமாடி. இன்னிக்கு ஒரு நாளைக்கு வச்சிக்கோ."

"எனக்கு வேணாம்பா. குறட்டை விடுவாரு."

வலியோடு வலியாகச் சிரித்தாள். ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற, அந்தச் சிரிப்பு அப்படியே அலறலாக மாறியது.

கவுன்ட்டரைத் தாண்டிவிட்டார்கள். வார்டில் ஒரே கட்டிலில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். ஓரமாக ஒரு ஸ்ட்ரெச்சர் கிடைத்தது. டாக்டரம்மா சின்ன வயசுதான், ஆனால் ஒரு வாரமாகத் தூங்காத முகம். வயிற்றை இரண்டு இடத்தில் அமுக்கினாள், தங்கச்சி துடித்தாள். டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தாள், மறுபடி வயிற்றைப் பார்த்தாள்.

"குடல்வால் ஏற்கெனவே எடுத்தாச்சே உங்களுக்கு. தழும்புகூடத் தெரியல, நல்லா பண்ணியிருக்காங்க" என்று மெச்சிக்கொண்டாள். "அப்ப இது கிட்னிக் கல்லாத்தான் இருக்கும். டிரிப் ஏத்தறேன், வலிக்கு ஊசி போடறேன். ஸ்கேன் நாளைக்குப் பாக்கலாம்."

சொல்லிவிட்டு அடுத்த ஸ்ட்ரெச்சருக்குப் போய்விட்டாள்.

குடல்வால் எடுத்தது அக்காவுக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே கார்டில், துளை போட்டு எடுத்தார்கள். பேர், வேலை, புருஷன் எல்லாம் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது மட்டும் நினைவுக்கு வரவில்லையே! தனக்கு அன்று வலித்ததும் இதே இடம்தான், தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் இறங்கியதும் இதே மாதிரிதான். வெடித்தால் ஆளே போய்விடும் என்று அன்றைக்கு ஒரு டாக்டர் அவள் காதுபடச் சொன்னார்.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். சொல்வது அவ்வளவு சுலபமா? மில்லில் பொத்தான் தைக்கிற ஒருத்தி தன் அம்மாவுக்குக் கார்டைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். குடும்பத்துக்கே கார்டை நிறுத்திவிட்டார்கள், ஒரு வருஷம். அக்காவின் புருஷனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் இரண்டு தடவை இதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டுதான் அவர் உயிரோடு இருக்கிறார். ஒரு தடவை தவறினால் முகம் வீங்கும், இரண்டு தடவை தவறினால் மூச்சு வாங்கும். அதற்கு மேல் தவறியவர்கள் யாரும் திரும்பி வந்து கதை சொன்னதில்லை. அந்த மெஷினும் இந்தக் கார்டில்தான்.

சொன்னால் புருஷன். சொல்லாவிட்டால் தங்கச்சி. எந்தப் பாவி இப்படி ஒரு சட்டம் போட்டானோ, அவன் வீட்டில் ஒரு தங்கச்சியும் இருந்திருக்க மாட்டாள் என்று மனதுக்குள் திட்டினாள். திட்டி என்ன ஆகப்போகிறது?

ஒருவேளை கல்லாகவே இருக்கக்கூடாதா என்று நினைத்துப் பார்த்தாள். கல்லுக்காக வேண்டிக்கொண்ட பைத்தியக்காரி உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். தங்கச்சியின் நெற்றியைத் தொட்டாள், கொதித்தது. ஊசி போட்டும் அவள் காலை மடக்கியே வைத்திருந்தாள், நீட்ட முடியவில்லை.

"அக்கா, கல்லுன்னா இப்படியா வலிக்கும்?"

"கொஞ்சம் பொறுத்துக்கோ."

"பொறுத்துக்கறேன். நீ ஏன் அழற?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று நின்றாள். அந்தக் கொஞ்ச நேரம் போனது, அப்புறம் இன்னும் கொஞ்ச நேரமும் போனது. டிரிப் பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கியபோது தங்கச்சி பேசுவதை நிறுத்திவிட்டாள். முனகல்கூட இல்லை. அக்கா எழுந்து ஓடினாள். வராந்தாவில் நின்றுகொண்டே டீ குடித்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, அது என் கார்டும்மா. அவ என் தங்கச்சி. குடல்வால் எடுத்தது எனக்கு, அவளுக்கு இல்ல."

டாக்டரம்மா டீயை அப்படியே ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு ஓடினாள். வயிற்றை அமுக்கிக் கையைச் சட்டென்று எடுத்துப் பார்த்தாள். மயக்கத்திலும் தங்கச்சி விதிர்த்துப் போனாள்.

"ஏம்மா இத முதல்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா சேத்திருப்பீங்களா?"

டாக்டரம்மா தியேட்டருக்குப் போன் போட்டாள், ஆளைக் கூப்பிட்டாள், தானே ஸ்ட்ரெச்சரைத் தள்ளினாள். அக்கா கூடவே ஓடினாள்.

"ஆபரேஷன் பண்ணிடுங்க. அந்தக் கார்டுல மட்டும் எதுவும் எழுதாதீங்கம்மா. என் வீட்டுக்காரர் கீழ மெஷின்ல இருக்கறவரு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"உயிருக்கு ஆபத்துன்னு நான் பண்ணிடறேன். ஆனா வெட்டி எடுத்தது ஆய்வுக்குப் போகும்மா. ஒருத்திக்கு ரெண்டு குடல்வால் இருந்துச்சுன்னு நான் எப்படி எழுதுவேன்?"

கதவு மூடிக்கொண்டது. குடல்வால் வெடித்துத்தான் இருந்தது. ஆனாலும் தங்கச்சி பிழைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் எதுவும் செய்திருக்க முடியாது என்று நர்ஸ் சொன்னாள்.

மறுநாள் காலை கீழ்த்தளத்தில் புருஷனின் மெஷின் முறை. ராத்திரியே அக்கா அவரிடம் போனில் எத்தனையோ தடவை பேசினாள், தங்கச்சி பிழைத்ததைச் சொன்னாள், கார்டைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. ஒருவேளை கம்ப்யூட்டரில் இன்னும் ஏறியிருக்காது என்று ஒரு நப்பாசை. அவர் போர்வையும் ரொட்டியும் போட்ட பையோடு பஸ்ஸில் தனியாக வந்து வரிசையில் நின்றார். அவளும் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

கவுன்ட்டர்காரன் அவள் நீட்டிய கார்டை வாங்கி, கார்டு படிக்கிற பெட்டியில் வைத்தான், எடுத்தான், துடைத்து மறுபடி வைத்தான்.

"நிறுத்தி வச்சிருக்காங்க. வேற ஆளு உபயோகப்படுத்தினதா வந்திருக்கு. மேல ஆபீஸ்ல மனு குடுங்க. அடுத்தவங்க வாங்க."

அவர் புரியாமல் அவளைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. போய் பெஞ்சில் உட்கார்ந்து பையையும் கார்டையும் மடியில் வைத்துக்கொண்டார். காலையிலேயே அவர் இமைகள் லேசாக வீங்கியிருந்தன.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா சொல்லிடுன்னுதான் சொல்லியிருப்பீங்க. உங்க வாயால அதைச் சொல்ல வைக்க வேணாம்னுதான்..."

அவர் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த போர்வையை உள்ளே தள்ளினார்.

"இல்லடி. சொல்லியிருப்பேனான்னு எனக்கே தெரியல. எனக்குச் சாகப் பயமா இருக்கு."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் பயம் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. தோளைத் தொடப் போனாள், தொடவும் தைரியம் வரவில்லை. அவர் மடியிலிருந்து கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு, இன்னொரு தடவை வைத்துப் பார்க்கச் சொல்லலாம் என்று அதே வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.