ஏஸ் வந்தால் ஒரு பாட்டு

நான்கு வருடங்களாக எங்கள் சமையலறையில் உட்கார்ந்து போக்கர் ஆடினேன். கணினித் திரையில் ஒரே நேரத்தில் நான்கு மேசைகள். எதிராளிகளுக்கு முகம் கிடையாது, பெயர்களும் புனைபெயர்கள். ஒவ்வொரு முறை சீட்டுப் போட்டு ஆடுவதும் ஒரு கை; அப்படி லட்சக்கணக்கான கைகள் ஆடியிருப்பேன். பல் மருத்துவமனையில் காப்பீட்டுப் படிவங்களோடு மல்லுக்கட்டிவிட்டு வீடு திரும்பினால், நான் யாரென்று எனக்குச் சொல்வது அந்தத் திரைதான்.

போக்கரையே தொழிலாக்க வேலையை விடப்போகிறேன் என்றதும் ராய்ஸ் சிரித்தான். என் கணவன் கேசினோக்களில் காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். லாஸ் வேகஸிலேயே பிறந்தவன். எதையும் லேசில் நம்பமாட்டான்.

"திரையில ஆடுறது ஒரு அனுபவமா, நடீன்? பொத்தானை அமுக்குற, அவ்வளவுதான். எதிர்ல ஆள் உக்காந்து உன் மூஞ்சியப் பாக்கணும்."

"கேசினோல ஒரு வருஷம் ஆடுறதை நான் இங்க ஒரு வாரத்துல ஆடிடுறேன்."

"அப்ப ஒரு வாரம் லீவு போடு. போல்டர் ரோடு கேசினோல போய் உக்காரு. நஷ்டம் இல்லாம எழுந்து வா, வேலைய விட்டுடு. நான் வாயே திறக்கமாட்டேன்."

திங்கட்கிழமை காலை போய் உட்கார்ந்தேன். டீலர் சீட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தார். பக்கத்து நாற்காலியில் லவோன் தன் பித்தப்பை அறுவை சிகிச்சையை விவரித்தாள். முன்பு மதுக்கூடத்தில் பரிமாறியவள், ஓய்வு பெற்றபின் தினமும் இங்கேதான். அவள் பித்தப்பை வெளியே வருவதற்குள் என் சமையலறையில் இருபது கைகள் முடிந்திருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். எனக்கு நல்ல சீட்டு வந்து பந்தயம் வைத்தால் எல்லோரும் மரியாதையாகச் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுகிறார்கள். நான்கு வருட ஆட்டம் உட்காரும் விதத்திலேயே தெரிந்துவிடுகிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். ஆர்ட்மன் மட்டும் விடாமல் என்னோடு மோதித் தோற்றார். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். பாவம், ஆட்டமே தெரியவில்லை என்று இரக்கப்பட்டேன்.

வியாழக்கிழமை, கேசினோவின் காலை உணவுக் கூடத்தில், முட்டைத் தட்டோடு லவோன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கண்ணு, ஒண்ணு சொன்னா கோச்சுக்கமாட்டியே? நீ பாடுற."

"நானா?"

"தொண்டைக்குள்ளயே முனகுவ. ராஜா ஜோடி வந்தா மெதுவா. ஏஸ் வந்தா ராகம் மேல போகும். குப்பை சீட்டுன்னா சத்தமே இல்ல. முதல் நாளே மேசைக்கே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஆர்ட்மன் ஏன்..."

"அவருக்குக் காது கேக்காது. நாங்களும் சொல்லல. சொல்லுவோமா?"

"எனக்கு மட்டும் இப்ப ஏன் சொல்ற?"

"சலிச்சுப்போச்சும்மா. நீ பாட, நாங்க கவுக்க, இதுவே வேலையா இருக்கு. சூதாட வந்தமா, கச்சேரி கேக்க வந்தமா?"

வீட்டுக்கு வந்து ராய்ஸைக் கேட்டேன். "ஆமா, பாடுவ. உனக்குத் தெரியும்னு நினைச்சேன். பாட்டு நல்லா இருக்குற நேரம் பாத்துத்தான் புது படகு வாங்கலாமான்னே கேட்டேன்," என்றான். அந்தப் படகுக்கு நான் யோசிக்காமல் சம்மதித்தது நினைவுக்கு வந்தது. முகமில்லாதவர்களோடு ஆடியதால் என்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்பியிருந்தேன். பார்க்காமல் இருந்தவள் நான் ஒருத்திதான்.

தூக்கம் வரவில்லை. அவமானம் மெல்ல மெல்லத் திட்டமாக மாறியது.

வெள்ளிக்கிழமை மதியம் வரை காத்திருந்தேன். ஏழும் இரண்டும் வந்தன. போக்கரில் இதைவிட மோசமான கை இல்லை. தொண்டைக்குள் ராகத்தை மேலே ஏற்றினேன். வாரம் முழுவதும் சேர்ந்த பந்தயச் சில்லுகள் அத்தனையையும் நடுவே தள்ளினேன். மேசையில் இருந்தவர்கள் வரிசையாகச் சீட்டைக் கவிழ்த்தார்கள். லவோன்கூட.

"நீ ஏமாத்துறியோன்னு தோணுச்சு," என்றாள் எரிச்சலோடு. "இருந்தாலும் அந்த ராகம் கேட்டா கை தானா போகுது, சனியன்."

ஆர்ட்மன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் சில்லுகளைத் தள்ளினார். அவரிடம் இருந்தவை இரண்டு ஒன்பதுகள். கடைசிச் சீட்டு வரை எனக்கு எதுவும் வரவில்லை.

"உன்னை நான் முதல் நாளே படிச்சுட்டேன் தாயே!" காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில் சொன்னார். "பொய்யாடுறப்போ உன் தொண்டை ஆடும். பயத்துல எச்சில் முழுங்குற. அஞ்சு நாளா அதைப் பாத்துத்தான் உன்கூட மோதுறேன்!"

"அஞ்சு நாளா தோத்தீங்களே!" என்று அவர் காதருகே கத்தினேன்.

"அது அதிர்ஷ்டக் குறைவு. என் கணிப்பு தப்பல. அனுபவம்னா சும்மாவா?"

தொண்டை ஆடியது பயத்தில் அல்ல, பாட்டில் என்று மேசையில் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. எனக்கும் திருத்தத் தோன்றவில்லை. அவர் முகத்தில் இருந்த நிம்மதி, நான்கு வருடங்களாக என் சமையலறையில் எனக்கு இருந்த அதே நிம்மதி.

வீட்டுக்கு வந்தபோது ராய்ஸ் வாசலிலேயே நின்றிருந்தான். "என்னாச்சு?"

"எல்லாம் போச்சு."

"யார்கிட்ட?"

"என்னை நல்லாப் புரிஞ்சுகிட்ட ஒருத்தர்கிட்ட," என்றேன்.

அவன் கொஞ்சம் கவலையோடு என் முகத்தைப் பார்த்தான். நான் பல் மருத்துவருக்குப் போன் செய்து, திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவதாகச் சொன்னேன்.