முதுகில் எழுதிய எண்

குடலில் இருப்பது என்ன கட்டி என்று மருத்துவர் சொன்னதை நேவியோ ஒரு ஈ காக்கைக்கும் சொல்லவில்லை. மனைவி ஒரியெட்டாவிடம், "எல்லாம் நல்லாத்தான் இருக்காம்" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஊர்ச் சங்கத்துக்காக எட்டுப் பேர் வருஷா வருஷம் மலை தாண்டி ரோமுக்குச் சைக்கிள் மிதிக்கும் பயணம் தொடங்க இருந்தது. திரும்பி வந்த மறுநாள் ஆபரேஷன். அதற்குள் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். தனியாகப் போய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கிற தைரியம் அவருக்கு இல்லை.

புற்றுநோய்க்காகவே மிதிக்கிற கூட்டத்தில் இதைச் சொல்ல என்ன கஷ்டம் என்று தோன்றும். ஆனால் இத்தாலியில் எங்கள் ரோமாஞ்ஞாப் பக்கம் அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. 'அந்தப் பொல்லாத வியாதி' என்பார்கள். அதையும் சொன்ன கையோடு, அது தங்களை அண்டாதிருக்கப் பக்கத்தில் உள்ள இரும்பைத் தொட்டுக்கொள்வார்கள். இரும்பு கிடைக்காத ஆண்கள் எதைத் தொட்டுக்கொள்வார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

வழியில் ஊருக்கு ஊர் வரவேற்பு. மேயர் மூவர்ணப் பட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு பேசுவார். பதிலுக்கு அணித்தலைவர் டெல்மோ பேசுவார். மருந்துக்கடைக்காரரான டெல்மோவிடம் மைக் போனால் போனதுதான். சூப் ஆறி ஆடை கட்டிய பிறகே திரும்பி வரும். "அந்தப் பொல்லாத வியாதியை எதிர்த்து..." என்று அவர் தொடங்கியதும் அவருடையதும் சேர்த்து எட்டுக் கைகள் ஹாண்டில்பாருக்குப் போகும். நேவியோவின் கையும்தான். பழக்கம் விடுமா?

முதல் நாள் சாப்பாட்டில் நேவியோ சொல்ல முயன்று பார்த்தார்.

"போன மாசம் டாக்டரப் பாத்தேன்..."

"தின்னுற நேரத்துல டாக்டர் பேச்சு எதுக்குடா?" என்றார் கசாப்புக்கடை எஜிஸ்தோ. "ஒயின ஊத்து. டாக்டரெல்லாம் தன்னால ஓடிப்போவான்."

எல்லோரும் சிரித்தார்கள். நேவியோவும் ஊற்றினார்.

பிளம்பர் வேலை பார்த்து உரமேறிய உடம்பு அவருக்கு. எப்போதும் அவர்தான் முன்னால் போய் எதிர்காற்றை வாங்கிக்கொள்வார். மற்ற ஏழு பேரும் அவர் நிழலில் வருவார்கள். மறுநாள் கணவாய் ஏற்றத்தில் கால் மிதிக்க மறுத்தது. ஒவ்வொருவராக முந்தவிட்டுக் கடைசிக்குப் போனார்.

"என்னடா நேவியோ, மாப்பிள்ளை ஊர்வலமா வர்றே?" என்று டெல்மோ திரும்பிக் கத்தினார். "கால்ல பெடல் இருக்கா, தலகாணி இருக்கா? பின்னால வர்ற நம்ம வேன்ல ஏறிக்கோ, பொண்ணுங்க யாரும் பாக்கல!"

நேவியோவுக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. வாயைத் திறந்தால் மூச்சுப் போய்விடும். தலையைத் தூக்கினால் டெல்மோவின் முதுகு. மஞ்சள் பனியனில், சங்கத்தின் பெயருக்குக் கீழே, பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது: 'பேச ஆள் வேண்டுமா? கூப்பிடுங்கள்.' அதற்குக் கீழே தொலைபேசி எண். அதே பனியனைத்தான் அவரும் இத்தனை வருஷமாகப் போட்டிருக்கிறார். முன்னால் போகிறவன் யார் முதுகைப் படிப்பான்? உச்சி வருவதற்குள் எண் மனப்பாடமாகிவிட்டது.

உச்சியில் ஒரு காபிக்கடை. எல்லோரும் வாசல் மேஜையில் பன்றி இறைச்சி வைத்த பியாதீனா ரொட்டியோடு உட்கார்ந்தார்கள். நேவியோ, சிறுநீர் கழிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்த சிறிய மாதா கோயில் சுவரின் பின்னால் நின்று எண்களை அழுத்தினார்.

மேஜையில் ஒரு போன் அடித்தது.

டெல்மோ ரொட்டியைக் கீழே வைத்தார். பனியனின் முதுகுப்பக்கப் பையிலிருந்து, யாரும் இதுவரை பார்த்திராத ஒரு பழைய பட்டன் போனை எடுத்துக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் தள்ளிப் போனார்.

"வணக்கம், சொல்லுங்க. பேரு சொல்ல வேண்டியதில்ல. நிதானமாப் பேசலாம்."

நேவியோ போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். டெல்மோவின் குரல்! புது டயர் மாட்டினால்கூட ஊரைக் கூட்டிச் சொல்கிற ஆள் இவர். இந்த வேலையைப் பற்றி மூச்சு விட்டதில்லை. அணைத்துவிடலாம் என்று கட்டைவிரல் போனது.

"இருக்கீங்களா? அவசரமே இல்ல. நான் எங்கயும் போகல."

"குடல்ல..." என்றார் நேவியோ. ஆள் தெரியாமல் இருக்கக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"புற்றுநோயா?"

தலைவலியா என்று கேட்பதுபோல டெல்மோ அந்தச் சொல்லைச் சொன்னார். அவர் கை எதையும் தேடவில்லை.

"ஆமா."

"வீட்ல தெரியுமா?"

"தெரியாது. எப்படிச் சொல்றதுன்னு புரியல."

"அப்போ முதல்ல நண்பர் ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. ஒருத்தருக்குத் தெரிஞ்சாலே பாரம் பாதி இறங்கும். அப்படி யாராவது பக்கத்துல இருக்காங்களா?"

நேவியோவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"ஏழு பேர் இருக்காங்க. எதிர்ல உக்காந்து பியாதீனா தின்னுக்கிட்டிருக்காங்க."

டெல்மோ மெல்லத் திரும்பி மேஜையைப் பார்த்தார். காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார். கோயில் சுவரைப் பார்த்தார்.

"லைன்லயே இருங்க" என்றார், அதே மெதுவான குரலில், மரியாதை குறையாமல். "வந்துக்கிட்டே இருக்கேன்."

அடியில் பெடலைக் கவ்வும் தகடு வைத்த சைக்கிள் ஷூவைப் போட்டுக்கொண்டு தார்ச்சாலையில் ஓடக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவர் டெல்மோதான். போனைக் காதிலிருந்து எடுக்காமல், வழுக்கி வழுக்கி, ஓடி வந்தார்.