இடப்பக்கத்து வாசல்

அஃப்ராஸின் கழுத்து வலப்பக்கம் நன்றாகத் திரும்பும். இடப்பக்கம் திரும்பச் சொன்னால்தான் அடம்பிடிக்கும். கற்பிட்டியில் நெத்தலிக் கருவாடு வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவன் அவன். இரண்டு கையாலும் கருவாட்டைக் கிளறிக்கொண்டு, போனை இடது காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நாள் முழுக்க விலை பேசுவான். அந்தத் தோள்தான் எவ்வளவு காலம் பொறுக்கும்? போன கிழமை ஒரு காலையில் பூட்டிக்கொண்டது. பெண் பார்க்க நாள் குறித்த கிழமையாகப் பார்த்துத்தானா பூட்டிக்கொள்ள வேண்டும்!

பெண் ஸஃப்னா, புத்தளத்துக்காரி. சிலாபம் ஆஸ்பத்திரியில் ஆட்களுக்கு எக்சசைஸ் சொல்லிக்கொடுக்கிற ஏதோ வேலையாம் என்றார் அஃப்ராஸின் வாப்பா ஸலாஹுதீன். அதற்கு மேல் அவர் விசாரிக்கவில்லை. அஃப்ராஸுக்கோ அதுவும் தேவைப்படவில்லை. ஒரு கலியாண வீட்டில் பெண்கள் பகுதியிலிருந்து அவள் சிரித்த சிரிப்பைக் கேட்டிருந்தான். யார் அது என்று அலைந்து அறிந்து, வெட்கத்தை விட்டு வாப்பாவிடம் கேட்ட சம்பந்தம் இது. முகத்தை இன்னும் பார்க்கவில்லை. இன்றைக்கும் பார்க்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

கழுத்து விஷயத்தைச் சொல்லி நாளைத் தள்ளிப்போடுவோம் என்றுதான் அவன் கெஞ்சினான். வாப்பா விடவில்லை. இந்த வயதிலேயே பிடிப்பு என்றால் நாளைக்கு என்னவோ என்று பெண் வீட்டார் யோசிப்பார்களாம். நீ வாயைத் திறக்காதே, பெண் வலப்பக்கமாக வரும்படி பார்த்து உட்கார வைப்பது என் பொறுப்பு என்றார். கழுத்தில் தைலத்தை அப்பி, அந்த வாடையை மறைக்க அதன்மேலும் கக்கங்களிலும் அத்தரைத் தாராளமாகப் பூசி அழைத்துப் போனார்.

பொறுப்பை அவர் மறக்கவில்லை. ஹோலுக்குள் கால் வைத்ததும் குசினி வாசலைக் கண்டுபிடித்து, பலகாரத் தட்டோடு பெண் அங்கிருந்துதான் வருவாள் என்று முடிவுகட்டி, அது வலப்பக்கம் அமைகிற கதிரையில் மகனை அமர்த்தினார். தட்டு அங்கிருந்துதான் வந்தது. கொண்டு வந்தவன் பெண்ணுக்கு மூத்தவன், நானா றுமைஸ். வாப்பா இல்லாத அந்த வீட்டுக்கு அவன்தான் எல்லாம். பேக்கரி வைத்திருக்கிறான், ஆளும் பாண் சுடுகிற போறணை மாதிரி அகலம். பெண் இடப்பக்கத்து அறைத் திரையை விலக்கிக்கொண்டு வந்து, இடப்பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

அஃப்ராஸ் கண்களை இடது ஓரத்துக்குத் தள்ளிப் பார்த்தான். பூப்போட்ட துணியின் நுனி தெரிந்தது, அவ்வளவுதான். உடம்போடு திரும்பலாமென்றால் வாப்பாவின் கை அவன் தொடையை அழுத்திக்கொண்டிருந்தது. கற்பிட்டியில் இப்போது காற்று பலமா என்று அவள் கேட்டாள். ஓம், பலம்தான் என்று எதிரே கண்ணாடி அலுமாரியில் இருந்த கோப்பைகளுக்குப் பதில் சொன்னான். பார்வையைத் தாழ்த்தி வளர்த்த பிள்ளை என்று வாப்பா பெருமையடித்துக்கொண்டார்.

அவள் எழுந்து உள்ளே போனாள். பின்னால் போன றுமைஸ் முகம் வாடித் திரும்பி வந்தான். தங்கச்சிக்கு விருப்பமில்லையாம். முகத்தைப் பார்க்கக்கூட மனமில்லாதவரைக் கட்டிக்கொண்டு காலம் பூராவும் அலுமாரியையா பார்க்கச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறாளாம். அஃப்ராஸுக்கு நெஞ்சு இடிந்துபோனது. அழுகை வரும்போலிருந்தது. வந்தாலும் தோளில் துடைத்துக்கொள்ள அந்தப் பக்கம் குனிய முடியாது.

அதற்குள் அஸர் பாங்கு கேட்டது. வெளியே மழை கொட்டியதால் ஆண்கள் மூவரும் ஹோலிலேயே தொழுதார்கள். திரை போட்ட வாசல் இப்போது அவர்களுடைய முதுகுப் பக்கம். முடிவில் வலப்பக்கம் ஸலாம் கொடுத்தான் அஃப்ராஸ், தலை அழகாகத் திரும்பியது. இடப்பக்கம் கொடுக்கும்போது தலையும் தோளும் இடுப்பும் ஒரே துண்டாகத் திரும்பி, பக்கத்திலிருந்த வாப்பாவை இடித்துச் சாய்த்துவிட்டன.

திரைக்குப் பின்னால் அந்தச் சிரிப்புக் கேட்டது. அதே சிரிப்பு! தொழுகை முடிந்துவிட்டபடியால் யாருக்கும் குற்றமில்லை.

றுமைஸை உள்ளே அழைத்து அவள் ஏதோ கேட்டாள். அவன் வெளியே வந்து, "கழுத்தில என்ன? தைல வாடை அப்பவே வந்ததாம்" என்றான். ஒன்றுமில்லை, பிறந்ததிலிருந்தே நல்ல கழுத்து என்று வாப்பா முந்திக்கொண்டார். அஃப்ராஸுக்கு எங்கிருந்துதான் துணிச்சல் வந்ததோ, திரையைப் பார்த்து முழு உடம்போடும் திரும்பி நின்றான்.

"கழுத்து திரும்புதில்ல. பார்க்க மனமில்ல என்டு மட்டும் நினைக்காதீங்க. நான் ஒங்களைப் பார்க்கத்தான் வந்த."

திரைக்குள்ளிருந்து உத்தரவு பிறந்தது. அவரைப் பழைய கதிரையிலேயே உட்கார வையுங்கள், நானா. நான் தொட முடியாது, ஒங்கட கைதான் என்ட கை. இடது தோள்பலகையின் மேல் மூலையில் பெருவிரலால் தேடுங்கள், கயிற்று முடிச்சு மாதிரி ஒன்று தட்டுப்படும். றுமைஸ் தேடிப் பிடித்தான். அஃப்ராஸ் வலியில் கதிரையை விட்டு எழும்பிவிட்டான்.

"மா பிசையாதீங்க நானா. மெதுவா அமத்தி, அப்படியே வெச்சிருங்க. வலி காதுக்குப் பின்னால ஏறுதா என்டு கேளுங்க."

ஏறியது. ஒரு கிழமையாக அதைத் தனிக் காது வலி என்று நினைத்துச் சொட்டு மருந்து வேறு விட்டுக்கொண்டிருந்தான் அவன். போன் எந்தத் தோளில் என்று அடுத்த கேள்வி வந்தது. இடது என்று வாப்பாவே ஒப்புக்கொண்டார். விரலுக்கடியில் முடிச்சு இளகி, வலி பாதியாய் இறங்கியது. மூச்சை விட்டுக்கொண்டு வலது கக்கத்தைப் பார்க்கச் சொன்னாள். கக்கத்து அத்தரில் அவனுக்குத் தும்மல் வந்தது. தும்மியபோது கழுத்து வலிக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றான், தும்மலுக்கா கழுத்துக்கா என்று தெரியவில்லை.

"இப்ப மெதுவா இடப்பக்கம் திரும்பச் சொல்லுங்க."

திரும்பினான். அலுமாரி நகர்ந்தது, சுவர் நகர்ந்தது, வாசல் வந்தது. திரையை விலக்கிக்கொண்டு அவள் நின்றாள். அவன் நாடி தோளுக்கு எவ்வளவு கிட்ட வருகிறது என்று அளந்துகொண்டிருந்த கண்கள், நடுவில் அளப்பதை மறந்துவிட்டன. அப்போ முதலில் சொன்ன பதில் என்று றுமைஸ் இழுத்தான்.

"அது பார்க்காத ஆளுக்குச் சொன்னது, நானா" என்றாள்.

அஃப்ராஸ் அசையவில்லை. பிளேன்டீ வந்தது, ஆறியது. அவன் அந்தப் பக்கமே பார்த்தபடி இருந்தான். வாப்பாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"மகன், இப்ப வலப்பக்கமும் பூட்டிக்கிட்டா?"

"இல்ல வாப்பா" என்றான், திரும்பாமலே. "இது இங்கினயே இருக்கட்டும்."