தகட்டு எண் 517046

கிட்டாருக்கு வயது சொல்வது என் பிழைப்பு. பெண்கள் வயதைக் குறைத்துச் சொல்வார்கள் என்று உலகமே கேலி பேசும். பழைய எலெக்ட்ரிக் கிட்டார் விற்கிறவர்களிடம் அந்தக் கேலி தலைகீழாகிவிடும். இருபது வயதுக் கிட்டாரை நாற்பது என்பார்கள், நாற்பதை அறுபது என்பார்கள். வயது ஏற ஏற மதிப்பும் ஏறுகிற பொருள் அது. மனிதர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கடைக்காரர்கள் படம் எடுத்து அனுப்புவார்கள். கிட்டாரின் நீண்ட கழுத்தான நெக்கும் உடம்பும் சேருகிற இடத்தில், பின்பக்கம், நாலு ஸ்க்ரூ போட்ட ஒரு சின்ன இரும்புத் தகடு இருக்கும். அதில்தான் எண். நான் பதிவேடுகளில் அந்த எண்ணைத் தேடி, மற்ற அடையாளங்களோடு ஒத்துப் பார்த்து, ஒரு தாளில் வருடத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். அதற்கு வயதுச் சீட்டு என்று பெயர். கிட்டாரின் தலையில், தந்திகளை முறுக்குகிற அந்த நுனியில், நூல் கட்டித் தொங்கவிடுவார்கள்.

வீடும் அலுவலகமும் எனக்கு ஒரே அறைதான். ஒரு மேசை, ஒரு விளக்கு, இரண்டு நாற்காலி. ஒன்றில் நான் உட்காருவேன், இன்னொன்றில் பதிவேடுகள் உட்கார்ந்திருக்கும். அவற்றை எழுப்பி யாருக்காவது இடம் கொடுக்க வேண்டிய தேவை வந்து பல வருடம் ஆகிறது. ஃபோன் மட்டும் ஓயாமல் அடிக்கும். எந்த வருஷம் மேடம், எந்த வருஷம் மேடம் என்பார்கள். சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு நாதி கிடையாது.

கல்யாணம் ஒன்று நடந்து நாலு வருடத்தில் முடிந்தது. அவர் பெட்டியைத் தூக்கும்போது, "உன்கூடப் பேசினா பரீட்சை எழுதற மாதிரியே இருக்கு" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால்தான் அவ்வளவு கோபம்.

போன செவ்வாய்க்கிழமை காலை, இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கும் ஒரு பழைய கிட்டார்க் கடையிலிருந்து படம் வந்தது. தகட்டில் 517046. பதிவேட்டை எடுக்கக் கை போகவில்லை. என் சொந்த ஃபோன் எண்ணைக் கேட்டால்கூட ஒரு கணம் யோசிப்பேன். இந்த எண்ணுக்கு யோசிக்க வேண்டியதில்லை. அது என் அண்ணனின் கிட்டார்.

முப்பது வருடத்துக்கு முன்னால் நான் ஓர் இசைக்கருவிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். எந்த எண் எந்த வருடம் என்கிற பட்டியல் ஒன்று கடைக்குப் புதிதாக வந்திருந்தது. அதை இரவல் வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன். அரைகுறையாகக் கற்றவளுக்குத் தலைகால் புரியாத காலம் அது. அண்ணனுக்கு அப்போது முப்பத்தொன்று. அவர் பொன்னைத் தொட்டாலும் மண்ணாகும் என்று வீட்டில் பேச்சு. அச்சகம் வைத்தார், மூடினார். டயர் கடையில் பங்கு சேர்ந்தார், கூட்டாளி காணாமல் போனார். சொந்தக்காரர்கள் கூடினால் அவரை வைத்துத்தான் சிரிப்பு.

அன்று மாமா குடும்பம் மொத்தமும் கூடத்தில் இருந்தது. அண்ணன் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைக் காட்டுகிற மாதிரி காட்டினார்.

"நான் பிறந்த அதே வருஷம்தான் இதையும் செஞ்சாங்க. அறுபத்துநாலு. நாங்க ரெண்டு பேரும் இரட்டைப் பிறவி."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பட்டியலை எடுத்து வந்து, கிட்டாரைப் புரட்டி, எண்ணைப் பார்த்து, எல்லார் முன்னாலும் உரக்கச் சொன்னேன்.

"அண்ணா, இது எழுபத்துநாலு. உன்னைவிடப் பத்து வயசு சின்னது. நல்லா ஏமாத்திட்டாங்க உன்ன."

"இரட்டைப் பிள்ளையில ஒண்ணு பத்து வருஷம் லேட்டாப் பொறந்துச்சா?" என்றார் மாமா. கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அண்ணனும் கொஞ்ச நேரம் சேர்ந்து சிரித்தார். எதற்கெடுத்தாலும் தீர்ப்பு சொல்வேன் என்று அவர் எனக்கு வைத்த பெயர் ஜட்ஜம்மா. "ஜட்ஜம்மா சொல்லிட்டா. அப்பீலே கிடையாது" என்று சொல்லிக் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினார். மறுநாள் காலையில் பெட்டியும் இல்லை, அவரும் இல்லை. அம்மாவுக்கு இரண்டு கடிதம் வந்தது, அதோடு நின்றது. அம்மா போனபோது சொல்லி அனுப்ப விலாசம் இல்லை.

ஐந்து வருடம் கழித்து, தொழில் ஓரளவு பிடிபட்ட பிறகு, அன்று மாமா மகள் எடுத்த போட்டோ கையில் சிக்கியது. கிட்டாரோடு அண்ணன். எழுபத்துநாலில் அந்தக் கம்பெனி செய்த கிட்டார்களுக்குத் தலை பெரியது. போட்டோவில் இருந்தது சின்னத் தலை. அறுபத்துநாலின் தலை. தகடு மட்டும்தான் வேறு ஏதோ கிட்டாரிலிருந்து வந்தது. நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் யாரும் அதை மாற்றிவிடலாம். நான் எண்ணைப் பார்த்தேனே தவிர, கண்ணெதிரே இருந்த கிட்டாரைப் பார்க்கவில்லை.

நெக்கைக் கழற்றியிருந்தால் போதும். உடம்புக்குள் செருகியிருக்கும் அதன் அடிப்பகுதியில், செய்தவர் பென்சிலால் மாதமும் வருடமும் எழுதியிருப்பார். அன்றிலிருந்து நெக்கைக் கழற்றிய படம் இல்லாமல் நான் எந்தச் சீட்டிலும் கையெழுத்துப் போட்டதில்லை. கடைக்காரர்கள் என்னைக் கறார் பேர்வழி என்கிறார்கள். சொல்லட்டும். இருபத்தைந்து வருடமாக எனக்கு ஒரே ஒரு வாக்கியம் பாக்கி இருந்தது. அண்ணா, நீ சொன்னதுதான் சரி. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

கடைக்காரருக்கு ஃபோன் போட்டேன்.

"இதை உங்ககிட்டக் குடுத்தது யாரு?"

"ஒரு பெரியவர் மேடம். அறுபது வயசு இருக்கும். விரல் மடங்க மாட்டேங்குது, இனிமே வாசிக்க முடியாதுன்னு குடுத்துட்டாரு. குடுக்கிறதுக்கு முன்னாடி, மத்த கிட்டார்ல தொங்கற உங்க சீட்டையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தாரு. கையெழுத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. இதுக்கும் இவங்ககிட்டயே சீட்டு வாங்குங்கன்னாரு. நெக்கைக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்கன்னு வேற சொன்னாரு. விவரமான ஆளு."

"அவர் ஃபோன் நம்பர்?"

"ஃபோனே இல்லையாம் மேடம். சீட்டு வந்ததும் அதை ஒரு தடவை பாக்கணும்னாரு. சனிக்கிழமை வரேன்னு சொல்லியிருக்காரு."

நெக்கைக் கழற்றிப் படம் அனுப்பச் சொன்னேன். அரை மணி நேரத்தில் வந்தது. மரத்தின் மேல் மங்கிய பென்சிலில் மாதமும் வருடமும். அறுபத்துநாலேதான். அதற்குக் கீழே, தமிழில், எனக்குத் தெரிந்த கையெழுத்தில் இன்னொரு வரி இருந்தது. "ஜட்ஜம்மாகிட்ட சொல்லணும்." பக்கத்தில் தேதி. அவர் வீட்டை விட்டுப் போன பதினோராம் நாள்.

கடைக்காரர் உடனே கூப்பிட்டார். "மேடம், கீழ யாரோ கிறுக்கி வச்சிருக்காங்க. ஜட்ஜுன்னெல்லாம் போட்டிருக்கு. கோர்ட்டு கேஸ்ல மாட்டின கிட்டாரா இருக்குமோ? ரப்பர் போட்டு அழிச்சிடவா?"

"அழிச்சுப் பாருங்க. உங்க கடைக்கு என் சீட்டு வர்றதே இன்னியோட கடைசி."

"ஐயோ, தொடவே மாட்டேன் மேடம்."

ஃபோனை வைத்துவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. பதினோராம் நாளே தெரிந்திருக்கிறது இந்த மனிதருக்கு. நேராக வீட்டுக்கு வந்து, மாமாவையும் கூப்பிட்டு வைத்து, என் முகத்துக்கு முன்னால் நெக்கை நீட்டியிருக்கலாமே. நான் அன்றைக்கே காலில் விழுந்திருப்பேனே. சொல்லணும் என்று எழுதி, அதை நாலு ஸ்க்ரூ போட்டு மூடி, முப்பது வருடம் அதன் மேல் பாட்டு வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்புறம்தான் அழுதேன். நன்றாக அழுதேன். பக்கத்து அறைக்காரர்கள் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். கதவைத் தட்டவில்லை.

சனிக்கிழமை நானே சீட்டை எடுத்துக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன். புதன்கிழமை எழுதினேன். வருடம் 1964. குறிப்பு என்ற இடத்தில் வழக்கமாக ஒரு கோடு இழுப்பேன். இதில் எழுதினேன்: "தகடு வேறு கிட்டாருடையது. முன்பு ஒருமுறை எண்ணை மட்டும் பார்த்து, நெக்கைக் கழற்றாமல், இதற்குத் தவறான வருடம் சொல்லப்பட்டது. சொன்னவள் நான். வைத்திருந்தவர் சொன்னதே சரி."

பீரோவிலிருந்து நல்ல புடவை ஒன்றை எடுத்து வைத்தேன். இரண்டாவது நாற்காலியிலிருந்து பதிவேடுகளைத் தூக்கித் தரையில் அடுக்கி, நாற்காலியைத் துடைத்தேன். கூட்டிக்கொண்டே வந்துவிடலாம் என்று மனக்கோட்டை. வியாழக்கிழமை பிடித்தது சனி. பஸ் பிரேக்டவுன் ஆகிவிட்டால்? நான் போய்ச் சேருவதற்குள் அவர் வந்து, சீட்டு வரவில்லை என்று திரும்பிவிட்டால்? சீட்டாவது அங்கே இருக்கட்டும் என்று படம் எடுத்துக் கடைக்கு அனுப்பிவிட்டேன். முப்பது வருடம் ஆக்கப் பொறுத்தவளுக்கு, இரண்டு நாள் ஆறப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றேன். கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிவிட்டு, என்னை யாரென்று தெரியாமல், "என்ன வேணும்மா?" என்றார். இத்தனை வருடமாக அவருக்கு நான் ஒரு குரலும் கையெழுத்தும்தான். சொன்னதும் பதறிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சுவர் முழுக்கக் கிட்டார்கள். ஃபேனைப் போட்டதும் என் சீட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஆடின.

"அந்தப் பெரியவர் எத்தனை மணிக்கு வருவாரு?"

"அவரா? நேத்தே வந்துட்டாரே மேடம்."

பையிலிருந்து எடுத்த சீட்டைத் திரும்ப உள்ளே வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"இந்தப் பக்கம் ஏதோ வேலையா வந்தாராம். சீட்டு வந்திருக்கான்னு எட்டிப் பாத்தாரு. வந்திருந்துச்சு, பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். ரெண்டு தடவை படிச்சாரு."

"சீட்டு வராம இருந்திருந்தா?"

"இன்னிக்கு வந்திருப்பாரு. வேறென்ன?"

அன்றைக்கு நாக்கு அவசரப்பட்டது, வியாழக்கிழமை கை அவசரப்பட்டது. எனக்குப் புத்தி எப்போதும் பின்னால்தான் வந்து சேருகிறது.

"படிச்சுட்டு எதாவது சொன்னாரா?"

"சிரிச்சாரு மேடம். 'இப்பவாவது கழட்டிப் பாத்தாளே'ன்னாரு. உங்களைத்தான் சொல்றாருன்னு எனக்கு அப்புறம்தான் உறைச்சுது, தப்பா எடுத்துக்காதீங்க. அப்புறம் ஸ்க்ரூ டிரைவர் கேட்டாரு. நான் கழட்டறேன்னு சொன்னா கேக்கல. மடங்காத விரலை வச்சுக்கிட்டு அவரே கழட்டி அவரே மாட்டினாரு. அரை மணி நேரம் ஆச்சு."

"திரும்ப வருவாரா?"

"வேலை முடிஞ்சுதுன்னாரு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போனாரு. அவ்வளவுதான் தெரியும்."

இருந்தாலும் ஒரு மணி வரை அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கினேன். தந்தி வாங்க ஒருவர் வந்தார், சும்மா விலை கேட்க இருவர் வந்தார்கள். நரைத்த தலையோடு ஒருவர் உள்ளே நுழைந்தபோது எழுந்தே நின்றுவிட்டேன். அவர் என்னைப் பார்த்து, கடைக்காரி என்று நினைத்து, மேளக்குச்சி இருக்கிறதா என்று கேட்டார்.

பிறகு அந்தக் கிட்டாரைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் மணிக்கட்டு உரசி உரசி ஓரிடத்தில் பெயிண்ட் போய் மரம் தெரிந்தது. தந்திகளைத் தளர்த்தினேன். நாலு ஸ்க்ரூவையும் கழற்றித் தகட்டை எடுத்து, நெக்கை மெல்ல இழுத்தேன்.

முதல் வரி, செய்தவருடையது. இரண்டாவது, பதினோராம் நாள் எழுதியது. மூன்றாவது வரி புதுசு. எழுத்து நடுங்கிக் கோணலாக இருந்தது. நேற்றைய தேதி போட்டு ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தார்.

"சொல்லியாச்சு."

அவ்வளவுதான். எப்படி இருக்கிறாய் என்று இல்லை. அம்மா எப்போது போனாள் என்று இல்லை. எங்கே இருக்கிறேன் என்று இல்லை. மரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் வெறுமையாக இருந்தது.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். "என்ன மேடம், வருஷத்துல எதாவது தப்பா?"

"இல்ல. வருஷம் சரிதான்."

நெக்கைச் செருகி, தகட்டை வைத்து, நாலு ஸ்க்ரூவையும் நானே மாட்டினேன். அவசரப்படாமல், ஒவ்வொன்றாக.